கொழுப்பெடுத்த குடும்பம்

என் தம்பி குடிப்பதில்லை என்பதை அந்த ஒரு காலையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார். ஊசி போட்ட நர்ஸ் கேட்டார். ஈசிஜி எடுத்தவர் கேட்கக்கூட இல்லை, அவரே முடிவு செய்துகொண்டு, "நைட்டு ஓவராப் போய்ட்சா?" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவன், பந்தை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூட ஆடியவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, அதில் இருந்தவர்களைக் கெஞ்சி இறக்கிவிட்டு, இவனை ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் ஜெர்சியும் மண்ணும் வியர்வையுமாகக் கிடந்தான். எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். நாற்பதைத் தொடாத வயது. அவன் மனைவி கால்மாட்டில் நின்று அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கயிறு முடிச்சு விழுந்து அவிழவில்லை.

கடைசியாக டூட்டி டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னவர்.

"எந்த ஏரியா?"

"திருவொத்தியூர் சார்."

"குடிப்பாரா?"

"இல்ல சார்."

"மறைக்காதீங்க, மருந்து குடுக்கணும். டெய்லியா, வாரத்துக்கு ஒரு தடவையா?"

"குடிக்க மாட்டான் சார். பீடி, சிகரெட்டும் கெடையாது."

"கஞ்சா? மாத்திரை எதாவது?"

பக்கத்துக் கட்டிலில் ஐடி கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒருவர் படுத்திருந்தார். அவரும் நெஞ்சு வலி என்று வந்தவர்தான். "சார், இந்தக் கேள்விய அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆல்கஹால் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அத்த அடிச்சிடுங்க சார்."

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டரு. நான் அவன் அக்கா. அவன் வாயில இன்னா போச்சுன்னு எனக்குத் தெரியும். அடிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார், பிறகு பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோபமாகத்தான் இழுத்தார். எனக்கு அது போதும்.

அன்று மதியமே ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டான் என்று சொன்ன பிறகுதான் என் அம்மா தரையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் முதலில் கேட்டது, "நான் இவனுக்கு இன்னாம்மா போட்டேன்?" என்பதுதான்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் வேலை. ஏறக்குறைய இதே வயதில், வேலை முடிந்து வெளியே வரும்போது துறைமுக வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். நைனாவுக்கு ஒரு அக்கா. எங்கள் அத்தை. புளியந்தோப்பில் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்டுக்கால், தலை, குடல் விற்றுப் பிழைத்தவள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். வாரா வாரம் நல்ல கறியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள்.

நைனாவை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகத் தூக்கியபோது, அத்தை தெருவின் நடுவில் நின்று என் அம்மாவைக் கைநீட்டிக் கத்தினாள். "நான் நல்ல கறிய குடுத்தேன். இவ கொழுப்ப ஊத்தி ஊத்தி ஆக்கிப்போட்டு என் தம்பிய கொன்னுட்டா!" தெரு முழுக்கக் கேட்டது. அழுகையில் சொன்ன வார்த்தை, நாளைக்கு மறந்துவிடும் என்று அம்மா நினைத்திருப்பாள். மறக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் அந்தப் பேச்சு. கல்யாண வீட்டில் அம்மா கரண்டியைத் தொட்டால் பின்னால் ஒரு சிரிப்பு. அம்மாவே ஒரு கட்டத்தில் அதை நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எண்ணெய் என்பது தாளிக்கக் காட்டும் அளவுதான். மீனைக்கூட வேகவைத்துத் தருவாள். தம்பிக்கு முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் வைப்பாள். அப்படி வளர்ந்தவன்தான் இப்போது மார்பில் ஒயர்களோடு கிடந்தான்.

அத்தை ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். வார்டுக்குள் நுழைந்தவுடன் தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பவே சொன்னேன். நீ கேட்டியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அத்தையின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன்.

"அத்த, அவன பாக்கணும்னா பாரு. எங்கம்மாவ ஒரு வார்த்த சொன்ன, வயசுல பெரியவன்னு பாக்க மாட்டேன்."

"இன்னாடி கொழுப்பு உனக்கு! உங்கம்மா ஆக்கிப்போட்ட கொழுப்புடி அது."

"ஆமா. கீது. போ."

அத்தை முனகிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

எங்களை முதலில் குழப்பியவர்கள் டாக்டர்கள்தான். தம்பியின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நன்றாக இருந்தது. எல்லாம் வரம்புக்குள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. டிஸ்சார்ஜுக்கு முன்பு பெரிய டாக்டர் வந்தார். இதய டாக்டர், தலை நரைத்தவர், எதையும் இரண்டு முறை கேட்கிறவர். நைனா எந்த வயதில், எப்படி இறந்தார் என்று கேட்டார். சொன்னேன். உடனே ஒரு டெஸ்ட் எழுதித் தந்தார். லைப்போபுரோட்டீன் லிட்டில் ஏ என்று பெயர்.

தம்பி ட்ரெய்லர் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததால் அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "ரத்தத்துல கொழுப்பு தானா ஓடாதுப்பா. அதைத் தூக்கிட்டு ஓட வண்டி இருக்கு. நாம வழக்கமா எடுக்கற டெஸ்ட், எல்லா வண்டியிலயும் சேர்த்து எவ்வளவு லோடு இருக்குன்னு சொல்லும். ஆனா சில பேருக்கு ஒரு தினுசு வண்டி அதிகமா இருக்கும். அதுல கூடவே ஒரு புரதம் ஒட்டிட்டு வரும். போற வழியில சுவர்ல ஒட்டிக்கிட்டு அடைப்பு உண்டாக்கும். உனக்கு அது இருக்கான்னு பாப்போம்."

அந்த டெஸ்ட் அங்கே இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் கொடுத்தோம். ரிப்போர்ட் வந்தது. வரம்பைத் தாண்டி இருந்தது. தம்பி மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அழுதாள். அம்மா அதை நம்பவில்லை. "அவசரத்துல மாத்திக் கீத்திப் போட்டுட்டானுங்க. வேற எட்துல எடு" என்றாள். சரி என்று ராயபுரத்தில் பெரிய லேப் ஒன்றில் மறுபடி எடுத்தோம். அந்த ரிப்போர்ட்டில் எண் முன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது.

வீட்டில் ரகளை ஆகிவிட்டது. சில நாட்களுக்குள் இப்படி ஏறிவிட்டதா என்று தம்பி மனைவி பயந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், "எல்லாம் டுபாக்கூர், அவனவன் வாய்க்கு வந்தத அச்சடிக்கிறான்" என்றார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டான்.

"நைனா மாதிரி நானும் வாசல்ல வியுந்து போய்டுவேன் இல்லக்கா" என்றான், திரும்பாமலே.

"நைனாவுக்கு எவனும் டெஸ்ட் எடுக்கல. உனக்கு எட்த்துக்கினு கீறோம். மூடிகினு தூங்கு" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர நானும் அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போட்டு லோடு அனுப்பும் வேலை எனக்கு. கல்யாணம் ஆகவில்லை, அதனால் இந்த வீட்டின் ஆஸ்பத்திரி, ரேஷன், கரண்ட் ஆபீஸ் எல்லாம் என் தலையில்தான். கடை அண்ணாச்சிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ராயபுரம் லேபுக்குப் போனேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ரிப்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க டாக்டர்ட்ட கேளுங்க மேடம்."

"டாக்டரு எழுதிக் குடுத்தாரு. அளந்தது நீங்க. அளந்தவங்கதான் சொல்லணும்."

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்."

"புரியுதா இல்லியான்னு அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல சொல்லச் சொல்லு."

"கொழுப்பப் பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ஆமாம்மா, கொழுப்புதான். அத்த அளக்கறதுக்குத்தான் இங்க வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பெண் சலித்துப்போய் உள்ளே போய் யாரையோ அழைத்து வந்தாள்.

வந்தவர் லேப் டாக்டர். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா. என்ன சண்டை என்று கேட்டுக்கொண்டு வந்தவர், இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. "நல்ல கேள்விதாங்க கேட்டிருக்கீங்க. உள்ள வாங்க" என்றார். வெளியே நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை.

உள்ளே ஒரு கட்டில் அளவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கு எதிரில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"ஆன்டிபாடின்னு கோவிட் சமயத்துல கேள்விப்பட்டிருப்பீங்க. உடம்புக்குள்ள வேண்டாத ஒண்ணு வந்தா, அதை மட்டும் தேடிப் பிடிக்க உடம்பு ஒரு ஆளத் தயார் பண்ணும். அதான் ஆன்டிபாடி. இந்த லிட்டில் ஏ புரதத்தைப் பிடிக்கறதுக்கும் அப்படி ஒரு ஆள் வேணும். நம்மகிட்ட அது கிடையாது. அதனால அந்தப் புரதத்தைக் கொஞ்சம் ஆட்டுக்கு ஊசி போடுவாங்க. ஆட்டோட உடம்பு இது என்னடா புதுசா இருக்குன்னு ஆன்டிபாடி உண்டாக்கும். ஆட்டுக்கிட்ட கொஞ்சம் ரத்தம் எடுத்து, அந்த ஆன்டிபாடியப் பிரிச்சு, பாட்டில்ல போட்டு எங்களுக்கு அனுப்பறாங்க."

"ஆட்டு ரத்தத்துல இருந்தா?"

"ஆமா. உங்க தம்பி ரத்தத்துல அதை விட்டா, எங்கெல்லாம் அந்தப் புரதம் இருக்கோ அங்க போய்ப் பிடிச்சுக்கும். பிடிச்சுப் பிடிச்சு கட்டி கட்டியா சேரும். தெளிவா இருந்த தண்ணி கலங்கிடும். எவ்வளவு கலங்குதுன்னு மெஷின் வெளிச்சம் அடிச்சுப் பார்க்கும். கலங்கல் ஜாஸ்தின்னா புரதம் ஜாஸ்தி."

அது புரிந்தது. "அப்ப ஏன் மேடம் ரெண்டு எட்துல ரெண்டு கணக்கு?"

அவர் சிரித்தார். "இந்தப் புரதம் முறுக்கு மாதிரி. சுத்துச் சுத்தா இருக்கும். ஒருத்தருக்குச் சின்ன முறுக்கு, ஒருத்தருக்குப் பெரிய முறுக்கு. அது பிறக்கும்போதே அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. சில ஆன்டிபாடி முறுக்கோட சுத்தையே போய்ப் பிடிக்கும். அப்ப பெரிய முறுக்குன்னா ஒண்ணையே பல தடவ எண்ணிடும். அந்த மாதிரி தப்பு வராம இருக்கப் புது வகை டெஸ்ட் வந்திருக்கு, நாங்க அதத்தான் பண்றோம். அதோட இன்னொண்ணு. அந்த லேப் இதோட எடையைச் சொல்லியிருக்காங்க. நாங்க எத்தனை இருக்குன்னு எண்ணிக்கையச் சொல்லியிருக்கோம். கீழ அளவு போட்டிருக்கு பாருங்க, ரெண்டும் வேற வேற."

பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இரும்புக் கடையில் இருக்கிறவளுக்கு இது புரியாமல் போகுமா? ஒரே எடைக்கு நீளக் கம்பியும் ஏற்றலாம், துண்டுக் கம்பியும் ஏற்றலாம். எண்ணினால் வேறு வேறாகத்தான் வரும். "அப்ப ரெண்டு ரிப்போர்ட்டும் ஒண்ணத்தான் சொல்லுது. ஏறவும் இல்ல, மாறவும் இல்ல" என்றேன்.

"ரெண்டும் ஜாஸ்தின்னு சொல்லுது. ஆனா இத அதால பெருக்கி, வகுத்து ஒண்ணாக்கிப் பார்க்காதீங்க, சரியா வராது. இனிமே பார்த்தா ஒரே இடத்துல பாருங்க."

நான் எழுந்தேன். பிறகு கேட்க வந்ததை மறுபடி உட்கார்ந்து கேட்டேன். "மேடம், இது சாப்பாட்டால வர்றதா? எண்ணெ, கறி, கொழுப்பு, அந்த மாதிரி?"

"இல்ல. மத்த கொலஸ்ட்ரால் சாப்பாட்டால கொஞ்சம் ஏறும், இறங்கும். இது பெரும்பாலும் பிறப்புலயே முடிவானது. நீங்க பட்டினி கிடந்தாலும் பெருசாக் குறையாது."

"இன்னொருவாட்டி சொல்லுங்க மேடம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் கறுத்துப்போனது.

"பொறப்புலன்னா, என் வயித்துல இருந்துதான பொறந்தான்?"

"நைனாவுக்கும்தான பொறந்தான்."

"என்னால வந்ததா இருந்தா? சோத்தாலன்னாங்க, சரின்னு கேட்டுக்கினேன். இப்ப ரத்தத்தாலன்னா நான் எங்க போய் வெச்சிக்கிறது?"

இத்தனை வருஷமாக அவள் தலையைக் குனிந்து குனிந்து, இன்னும் குனிய இடம் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. "ரத்தத்துல வந்தா அது உன் தப்பாம்மா? நீ கடையில போய்ப் பாத்து வாங்கினியா? உன்கிட்ட இருந்து வந்ததா இருந்தாலும் நாளைக்கு நான் தெருவுல நின்னு சொல்லுவேன், ஆமா எங்கம்மா ரத்தந்தான், இன்னான்றன்னு. பயந்துகினு தெரியாமயே சாவறதுதான் அசிங்கம்."

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "எங்க போவணும்?" என்றாள்.

எனக்கும் எடுத்தார்கள், அம்மாவுக்கும் எடுத்தார்கள். எனக்கு வரம்புக்கு மேலே. அம்மாவுக்கு வரம்புக்கு எவ்வளவோ கீழே. லேப் டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இது கிட்டத்தட்ட இல்லவே இல்லம்மா" என்றார். அம்மா என் ரிப்போர்ட்டைத்தான் கேட்டாள். சொன்னேன். "உனக்கும் கீதா" என்று என் முழங்கையைப் பிடித்தாள். தன்னைப் பற்றிச் சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

எனக்கு இருக்கிறது என்று தெரிந்தபோது என்ன தோன்றியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயம் வந்தது. பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அதைவிட அதிகமாக, ஒரு திருப்தி. அம்மாவுக்கு இல்லை என்றால் இது நைனாவிடம் இருந்துதான் வந்தது. இதைப் போய்க் கேட்க இனி அத்தை ஒருத்திதான் பாக்கி.

புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு மாடியில் அத்தை இருந்தாள். எழுபதைத் தாண்டியும் நான்கு மாடி ஏறி இறங்குவாள். நான் போனபோது ஆட்டுக்கால் வாட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"உன் ரத்தத்தக் குடு. நைனா இல்ல. நைனாவோட கூடப் பொறந்தது நீதான் கீற."

"என் வூட்டு ரத்தத்துல நோவுன்றியாடி? கல்லு மாதிரி கீறேன் நான்."

"கல்லு மாதிரியே இரு. டெஸ்ட்டு குடு. உனக்கு இல்லன்னு வந்துச்சின்னா, நீ சொன்னதுதான் சரின்னு நானே எங்கம்மாகிட்ட சொல்றேன்."

அப்படி ஒரு வார்த்தையை நான் தைரியத்தில்தான் சொன்னேன். அக்கா தம்பிக்குள் எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும் என்று கிடையாது. அத்தைக்கு இல்லாமலும் இருக்கலாம் என்று லேப் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அத்தையை எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியும்.

அவள் வாட்டிக்கொண்டிருந்த காலைக் கீழே வைத்தாள். கை கழுவினாள். "நட" என்றாள்.

லேபில் ஊசி குத்துகிறவரிடம், "இன்னாபா, இத்த வெச்சி இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள். அவர், ஆட்டிலிருந்து எடுத்த மருந்தைக் கலந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். அத்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆடா? ஆயுசு பூரா ஆட்ட வெட்டி வித்தவ நானு. அது என்னப் பத்தி இன்னா நல்லது சொல்லப்போவுது?" ஊசி குத்தியவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடு நல்லது சொல்லவில்லை. அத்தைக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது.

லேப் டாக்டர் அதை மெதுவாகத்தான் சொன்னார். இருந்தால் எல்லாரும் விழுந்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, நீங்களே எழுபது தாண்டி நடமாடுகிறீர்கள் என்றார். அத்தை அதைக் கேட்கவில்லை. "அப்ப என் தம்பி, எங்க பொறந்த வூட்டுல இருந்தே இத்த எட்த்துக்கினு வந்துகீறான்" என்றாள். யாரிடமும் இல்லாமல் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். புளியந்தோப்புக்கு பஸ் மாற வேண்டிய ஸ்டாப்பில் இறங்குவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. என்னோடு திருவொற்றியூர் வரைக்கும் வந்தாள்.

அம்மா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். 'வா' என்று சொல்லவில்லை. அத்தையும் உள்ளே வரவில்லை.

"எங்கதுதான்" என்றாள் அத்தை. "நான் சொன்னது தப்பு. உனக்கு இன்னா தோணுதோ திட்டிக்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"நான் திட்ட மாட்டேன் அண்ணி. வூட்டாண்ட வந்து என் காதுல சொல்லிட்டா ஆச்சா? நீ சொன்னப்ப தெருவுல நின்னு சொன்ன. தெருவுலயே நின்னு சொல்லு."

எனக்கே திக்கென்றது. அத்தை யாருக்கும் பணிந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணி லாரி வந்து நின்றிருந்த நேரம். தெருவே குடத்தோடு வெளியே இருந்தது. அத்தை திரும்பி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியை நோக்கி நடந்தாள். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன்.

"ம்மே, எல்லாம் கேட்டுக்கங்க!" என்றாள். கறிக்கடையில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. லாரி மோட்டார் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. "என் தம்பி சாவறப்ப இந்த எட்துல நின்னு என் தம்பி பொண்டாட்டி அவன கொன்னுட்டான்னு சொன்னேன். நெனப்பு கீதா?"

குடம் பிடித்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குடம் நிரம்பி வழிந்தது, அதை யாரும் நகர்த்தவில்லை.

"அது பொய்யி! அது எங்க ரத்தத்துல கீற சமாச்சாரம். எனக்கும் கீது. டெஸ்ட்டு எட்த்து பாத்துட்டேன். அவ சோத்துல ஒண்ணும் இல்ல. இனிமே எவளாவது அவள ஒரு வார்த்த சொன்னீங்க, நான் வருவேன். சொல்லிட்டேன்."

ஒரு கிழவி, "சரி வுடு, பழைய கதை" என்றாள். "உனக்குப் பழசு. அவளுக்கு டெய்லியும் புச்சுதான்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அப்படியே நடந்து மெயின் ரோட்டில் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் திரும்பி வந்தபோது அம்மா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அது துக்கத்து அழுகை இல்லை, நான் தட்டவில்லை. அன்று மாலை அவள் மறுபடி பூண்டை எடுத்து உரித்து முடித்தாள். பேச்சுவாக்கில், "அத்தைக்கும் மாத்திரை எழுதி வாங்கிக் குடு" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அத்தை இப்போது வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்கிறாள், காபி தருகிறாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது அவள் உரிமை.

பெரிய டாக்டர் எங்கள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார். லிட்டில் ஏவை நேரடியாகப் பெரிதாகக் குறைக்கும் சாதாரண மாத்திரை இப்போதைக்கு நம் கையில் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார். "அதுவரைக்கும் அதோட கூட்டாளிங்கள அடக்கி வைப்போம். மத்த கொலஸ்ட்ரால இன்னும் நல்லாக் குறைப்போம். பிரஷர், சர்க்கரை ஏறவிடாம பாப்போம். நடங்க, புகை பக்கம் போகாதீங்க." எனக்கும் மாத்திரை எழுதினார். சாப்பிடுகிறேன். என் ரத்தத்தில் எதிராளி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தபிறகு, அவனுக்கு வசதி செய்து கொடுக்க நான் தயாராக இல்லை. கடையில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஏறுவதை விட்டுவிட்டேன். லாரிகளுக்கு நடுவில் தூசியைத் தின்றுகொண்டு நடக்கிறேன். தூசிக்கு எதிராகச் செய்ய வேண்டியது வேறு சண்டை.

தம்பி சில மாதத்தில் ட்ரெய்லருக்குத் திரும்பினான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, அதுவரை எதற்கும் மறுப்பு சொல்லாத தம்பி மனைவி முதல்முறையாக முரண்டு பிடித்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இத்தெல்லாம் எட்த்து வெச்சா நாளைக்கு எவன் கட்டுவான்? என் அக்காகூட அதத்தான் சொல்றா. எடுக்காத, எட்த்தாலும் வெளிய சொல்லாதன்னு."

நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி கையைக் காட்டி என்னை நிறுத்தினான். "என்கிட்ட இருந்து வந்ததா இருந்தா நான்தான் கூட்டிகினு போவணும்" என்று மனைவியிடம் சொன்னான். "எனக்கு எவனும் சொல்லல. எம்பொண்ணுக்கு நான் சொல்லாம வுடமாட்டேன்." மறுநாள் மூன்று பேருமாகத்தான் போனார்கள்.

குழந்தைக்கும் வரம்புக்கு மேலேதான் இருந்தது, தம்பி அளவுக்கு இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஓடி விளையாடட்டும், வளர வளரப் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி மனைவி அன்று முழுக்க ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தாள். பாத்திரங்களை அவள் வைத்த சத்தத்திலிருந்து உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அவள் அக்கா போன் செய்தாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தம்பி மனைவி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஆமாக்கா, எம்பொண்ணுக்குக் கீது. ஆங், எல்லார்கிட்டயும்தான் சொல்லுவேன். பொண்ணு பாக்க வர்றவன்கிட்டயும் சொல்லுவேன். அவன் வூட்டு ரத்தத்த அளந்துகினு வரச் சொல்லுவேன். அது இருக்கட்டும், உன் வூட்டுக்காரரோட அப்பாரு நெஞ்சு வலில தான போனாரு? நீ உன் புள்ளைங்களுக்கு எட்த்துப் பாத்தியா?"